ஒரு மணி நேரம் விழித்திருப்பது

ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸ் கேக்கோடு ஒரு மாதக் காலண்டரும் அண்ணி வீட்டிலிருந்து எனக்கு வந்துவிடும். அண்ணி என்றால் சொந்த அண்ணி இல்லை. நகரியத்தில் பதினெட்டு வருஷம் அடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருந்த நண்பரின் மனைவி. அவர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் முருக பக்தர்கள். பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டுக்கு எங்களோடு அவர்கள் பிள்ளைகள் வருவார்கள். தவக்காலத்தில் அவர்கள் வீட்டில் கறி சமைக்காத வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டிலும் கறி இருக்காது, பக்கத்தில் வாசனை போகக் கூடாது என்பாள் என் மனைவி. நெய்வேலியில் வாழ்ந்தவர்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

இந்த வருஷக் காலண்டரில் ஏப்ரல் தாளைத் திருப்பியபோது அந்தப் படம் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரவு. ஒரு பாறை. அதன் மேல் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு இயேசு முழந்தாளிட்டிருக்கிறார். மேலேயிருந்து ஒரு வெளிச்சம் அவர் முகத்தில் விழுகிறது. கிறிஸ்தவ நண்பர்கள் வீட்டு முன்னறையில், டாக்டர் கிளினிக்கில், பஸ்ஸில் டிரைவருக்கு மேலே, எங்கும் இருக்கும் படம். ஹைன்ரிச் ஹாஃப்மன் என்ற ஜெர்மன் ஓவியர் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வரைந்தது. மூலப் படம் நியூயார்க்கில் ரிவர்சைடு தேவாலயத்தில் இருக்கிறது. அங்கிருந்து அச்சாகி அச்சாகி உலகத்தைச் சுற்றி, நம் ஊர் பிரேம் கடை வரை வந்து சேர்ந்துவிட்டது.

அழகான படம்தான். ஆனால் அந்தப் படத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. முப்பது வருஷத்துக்கு மேலாக உள்ளே வைத்திருந்த சண்டை. இன்று எழுதிவிடுகிறேன். என் மதத்தைச் சேராத விஷயத்தில் கருத்துச் சொல்வதற்குக் கிறிஸ்தவ வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏன் எனக்கு இதில் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன் என்பதைப் படித்தால் புரியும்.

படத்தில் இருப்பவர் அமைதியாக இருக்கிறார். தலைமுடி கலையவில்லை. உடையில் மண் ஒட்டவில்லை. கேட்ட வரம் கிடைத்துவிடும் என்று தெரிந்தவர் போல மேலே பார்க்கிறார். வேதப் புத்தகத்தில் இருப்பது இது இல்லை. கடைசி இராப்போஜனம் முடிந்து, தம்மை ஒருவன் காட்டிக் கொடுக்கப் போயிருக்கிறான் என்று தெரிந்து, ஒலிவ மலைக்கு வருகிறார். சீடர்களில் பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரை மட்டும் கூட்டிக்கொண்டு சற்றுத் தள்ளிப் போகிறார். உயிர் போகிற அளவுக்குத் துக்கமாக இருக்கிறது, இங்கேயே என்னோடு விழித்திருங்கள் என்கிறார். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த் தரையில் விழுகிறார். மாற்குவும் மத்தேயுவும் எழுதியிருப்பது விழுந்ததாகத்தான். லூக்கா மட்டும் முழங்கால்படியிட்டதாகச் சொல்கிறார், ஆனால் அவர்தான் வியர்வை இரத்தத் துளிகளைப் போலத் தரையில் விழுந்தது என்றும் எழுதுகிறார். என்ன கேட்டார்? இந்தப் பாத்திரம் தம்மை விட்டு நீங்க வேண்டும் என்று கேட்டார். அதாவது, சாக வேண்டாம் என்று கேட்டார். ஒரு முறை இல்லை, மூன்று முறை. கூடவே, என் இஷ்டம் இல்லை, உம் இஷ்டம் என்றும் சொன்னார். நடுவில் எழுந்து வந்து பார்த்தால் மூன்று பேரும் தூங்குகிறார்கள். ஒரு மணி நேரம் உங்களால் விழித்திருக்க முடியவில்லையா என்று பேதுருவைக் கேட்கிறார். திரும்பப் போகிறார். திரும்ப வருகிறார். திரும்பவும் தூக்கம்.

யோவான் எழுதிய சுவிசேஷத்தில் இந்த ஜெபமே இல்லை. தோட்டம் உண்டு, கைது உண்டு, மன்றாட்டு கிடையாது. லூக்கா சொல்லும் இரத்த வியர்வை வரிகள் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் இல்லை என்கிறார்கள். கடவுளின் மகன் இப்படித் தவித்தார் என்று எழுத அந்தக் காலத்திலேயே சிலருக்குக் கை வரவில்லையோ என்று எனக்குத் தோன்றும். ஹாஃப்மனை மட்டும் குறை சொல்வானேன்.

நண்பரைப் பற்றிச் சொல்கிறேன். அனல்மின் நிலையத்தில் ஃபிட்டர். என்னை விட ஏழு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவர் சொந்த ஊர் விருத்தாசலத்துக்கு அந்தப் பக்கம். ஈஸ்டர் முடிந்ததும் அந்த ஊரில் பாஸ்கா நாடகம் போடுவார்கள், இரண்டு ராத்திரி, விடிய விடிய. ஒரு வருஷம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தோட்டத்துக் காட்சி வரும்போது நடுச்சாமம் தாண்டிவிட்டது. இயேசு வேஷம் போட்டவர் ஊரில் டெய்லர். மேடையில் குப்புற விழுந்து மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவர் கதறியதும் கீழே பெண்கள் பக்கத்தில் அழுகை கிளம்பிவிட்டது. சாவு வீட்டு அழுகை. அதில் ஒரு வேடிக்கை. சீடர்களாக நடித்த மூன்று பேரும் பகலெல்லாம் வயலில் நின்றவர்கள். தூங்குவதாக நடிக்கப் படுத்தவர்கள் நிஜமாகவே தூங்கிவிட்டார்கள். இயேசு வந்து எழுப்புகிறார், பேதுரு எழுந்திருக்கவில்லை. இரண்டாவது முறையும் இல்லை. கடைசியில் வாத்தியார் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குச்சியால் குத்தினார். கூட்டம் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அண்ணன் என் காதில், "இதுதான் தம்பி கரெக்ட். இப்படித்தான் தூங்கியிருப்பானுங்க" என்றார்.

1987 என்று நினைவு. அந்த வருஷங்களில் தென்னாற்காடு மாவட்டத்தில் மழைக்காலம் வந்தாலே மூளைக்காய்ச்சல் பயம் இருக்கும். அண்ணனுடைய மூத்த பையனுக்கு ஒன்பது வயது. மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் வலிப்பு. வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை, நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வீட்டுக்கு வந்தால் சேதி. அப்படியே பஸ் ஏறிவிட்டேன். பகல் முழுவதும் ரத்தம், மருந்து, ரசீது என்று ஓட்டம். இரவு பத்து மணிக்கு டாக்டர் வெளியே வந்து, இன்றைக்கு ராத்திரி தாண்டினால் பார்க்கலாம் என்றார். அண்ணியைச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நானும் அண்ணனும் வார்டுக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்தோம்.

அப்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தம்பி, நீ ஒண்ணும் பேச வேணாம். சும்மா இரு. தூங்கிடாதே, எனக்குப் பயமா இருக்குது."

நான் சரி என்றேன். தூண் ஓரம் சாய்ந்து உட்கார்ந்தேன். முப்பத்தாறு மணி நேரம் கண்ணை மூடவில்லை என்பது உண்மை. ஆனால் அதை இப்போது சொல்வது சாக்கு. தூங்கிவிட்டேன்.

விழித்தபோது மணி நான்கு இருக்கும். பக்கத்தில் அவர் இல்லை. வராந்தா முனையில், வாளியும் துடைப்பமும் வைத்திருந்த மூலையில், சிமெண்டுத் தரையில் குப்புறக் கிடந்தார். மயக்கம் போட்டுவிட்டாரோ என்று ஓடினேன். மயக்கமில்லை. நெற்றி தரையில் பட்டிருந்தது. விரல்கள் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. வாயிலிருந்து ஒரே ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. "அப்பா... அப்பா..."

அவருடைய அப்பா செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அவரைத்தான் கூப்பிடுகிறார் என்று அப்போது நினைத்தேன். பல நாள் கழித்துத்தான் அண்ணி சொல்லித் தெரிந்துகொண்டேன். மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் இயேசு அந்தத் தோட்டத்தில் தம் பிதாவைக் கூப்பிட்டது அவர் தாய்மொழியான அரமேயத்தில். சுவிசேஷத்தைக் கிரேக்கத்தில் எழுதியவர் அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார். அது நம் சொல்லைப் போலவே ஒலிக்கிற சொல். தமிழ் வேதாகமத்தில் அதை மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. உலகத்தில் எத்தனையோ மொழிக்காரர்கள் அந்த இடத்தில் அடிக்குறிப்புப் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு தமிழனுக்குத் தேவையில்லை.

விடியற்காலையில் பையன் போய்விட்டான்.

அண்ணன் ஒரு நாளும் என்னிடம், "தூங்கிட்டியே" என்று கேட்டதில்லை. அதற்கப்புறம் ஒரே ஷெட்டுக்குச் சைக்கிளில் சேர்ந்து போனோம், ரிட்டயர்மெண்ட் பார்ட்டியில் அவருக்கு மாலை போட்டது நான்தான். கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை.

இனி கருத்துக்கு வருகிறேன். பையன் போன பதினாறாம் நாளோ என்னவோ, வெளியூரிலிருந்து ஒரு ஜெபக்காரர் ஆறுதல் சொல்ல அந்த வீட்டுக்கு வந்தார். நல்ல குரல். நல்ல மனிதராகக்கூட இருக்கலாம். விசுவாசத்தோடு கேட்டால் எதுவும் கிடைக்கும், கிடைக்காமல் போனால் நம் ஜெபத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கிறது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிற மாதிரிப் பேசினார். நான் அண்ணியைத் தேடினேன், அண்ணி சமையலறைக்குள் போய்விட்டிருந்தார். அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். அதே ஹாஃப்மன் படம்.

"ஐயா, அவரு மூணு தடவ கேட்டாரு. கிடைக்கல. அவருக்கு விசுவாசம் பத்தலியா?"

வந்தவர் ஏதோ சொன்னார், அது எனக்கு நினைவில்லை. காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

என் கட்சி அண்ணனுடைய கட்சிதான். அந்தத் தோட்டத்துக் காட்சியின் பலமே கேட்டது கிடைக்கவில்லை என்பதில் இருக்கிறது. மறுநாள் அவரைச் சிலுவையில் அறைந்தார்கள். ஈஸ்டர் வருகிறதே என்பார்கள். வருகிறது. ஆனால் ஈஸ்டரைக் கொண்டுவந்து அந்த இரவின் மேல் போர்த்தினால் அந்த இரவு மறைந்துவிடும். மேலேயிருந்து வெளிச்சம் விழும் படம் அந்தப் போர்வைதான். அந்தப் படம் சுவரில் இருக்கும் வீட்டில், தரையில் விழுந்து அழுகிறவனுக்குத் தான் ஏதோ தப்பாக ஜெபிக்கிறோம் என்று தோன்றிவிடும். இதுதான் என் சண்டை.

நம் பக்கத்திலும் இப்படிப்பட்ட மன்றாட்டுகள் உண்டு. அதுவும் நம் வீட்டு வாசலிலேயே. பண்ருட்டிப் பக்கம் திருவதிகை. சமணத்தில் பெரிய பதவியில் இருந்த மருள்நீக்கியாருக்குச் சூலை நோய். குடலை முறுக்கிப் பிடுங்கும் வலி. மருந்து, மந்திரம் எதுவும் கேட்கவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அக்கா திலகவதியாரிடம் வந்து காலில் விழுந்தார். அக்கா திருநீறு கொடுத்து, கோயிலைப் பெருக்கி மெழுகப் போகும் விடியல் நேரத்தில் தம்பியையும் உள்ளே கூட்டிப் போனார். அங்கே அவர் பாடிய முதல் பதிகம் ஒரு நோயாளியின் முறையீடுதான். வலி தீர்ந்தது, மருள்நீக்கியார் திருநாவுக்கரசர் ஆனார். பிறகு ஞானசம்பந்தர் வாயால் அவருக்கு வந்த பெயர் அப்பர்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அந்த வராந்தா இரவுக்குப் பிறகு அது எனக்கு வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தது. அப்பருக்குக் கேட்டது கிடைத்தது, இயேசுவுக்குக் கிடைக்கவில்லை என்பது ஒரு வித்தியாசம். இன்னொன்று உண்டு. அப்பர் வந்த ராத்திரியில் அக்கா விழித்திருந்தார்.

வடலூர் இன்னும் பக்கம். தைப்பூசத்துக்கு நடந்தே போகிற தூரம். வள்ளலார் ஆறாம் திருமுறையில் 'பிள்ளைப் பெருவிண்ணப்பம்' என்று ஒரு நீண்ட முறையீடு பாடியிருக்கிறார். இறைவனைத் தந்தையாக வைத்து, தான் பிள்ளையாக நின்று, பிறர் பசியையும் நோயையும் துயரத்தையும் கண்டு தான் பயந்த பயத்தை, நடுங்கிய நடுக்கத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். நெஞ்சை அடைக்கும். 1867ல் தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டியவர் உள்ளே எவ்வளவு பயந்துகொண்டிருந்தார் என்பது அதைப் படித்தால் தெரியும். பெரியவர்களுக்குப் பயமே கிடையாது என்று நாமாகவே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். அவர்கள் அப்படி எழுதி வைக்கவில்லை.

தமிழ்க் கிறிஸ்தவத்திலும் இந்தத் தவிப்புக்கு இடம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கோவாவிலிருந்து 1705ல் இலங்கைக்குப் போன யாக்கோமே கொன்சால்வெஸ் என்ற குருவானவர், தமிழும் சிங்களமும் கற்று இரண்டிலும் எழுதியவர். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் தவக்காலத்தில் சோக ராகத்தில் வாசிக்கப்பட்டு வந்தது. வியாகுலம் என்ற சொல்லே இப்போது வழக்கில் குறைந்துவிட்டது. கவலைக்கும் துக்கத்துக்கும் மேலே, உள்ளே புரட்டிப் போடும் ஒன்றுக்கு அது சரியான சொல். வியாகுல மாதா என்ற பெயரில் மட்டும் மிச்சம் இருக்கிறது.

அதே சமயம் இன்னொரு சொல் என்னைக் கொஞ்சம் சங்கடப்படுத்தும். அண்ணி வீட்டு ஜெபமாலையில் துக்க தேவ இரகசியங்களின் முதலாவது, இயேசு பூங்காவனத்தில் இரத்த வியர்வை சிந்தியது. பூங்காவனம்! அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு மலர்ச் செடிகளும் சிமெண்டு பெஞ்சும்தான் நினைவுக்கு வரும். கெத்சமனே என்ற அரமேயப் பெயருக்கு அர்த்தம் எண்ணெய்ச் செக்கு. ஒலிவக் காய்களை நசுக்கி, பாரம் ஏற்றிப் பிழியும் இடம். இன்றைக்கும் ஜெருசலேமில் அந்த மலையடிவாரத்தில் பழைய ஒலிவ மரங்கள் நிற்கின்றன. 2012ல் இத்தாலிய ஆய்வாளர்கள் அவற்றில் மூன்றைச் சோதித்து, 12ஆம் நூற்றாண்டளவில் வேர்விட்டவை என்றார்கள். பக்கத்தில் 1924ல் கட்டிமுடித்த தேவாலயத்துக்குள் பீடத்துக்கு முன்னால் ஒரு பாறையை அப்படியே விட்டிருக்கிறார்கள். அவர் ஜெபித்த பாறை என்பது பாரம்பரியம். காய்களை மூன்று முறை பிழிவார்கள், அவரும் மூன்று முறை ஜெபித்தார் என்று பிரசங்கத்தில் முடிச்சுப் போடுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதிலெல்லாம் நாட்டமில்லை. செக்கு என்பதே போதும்.

ஏனென்றால் அழுத்தம் என்பது என் உத்தியோகம். நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரிய நீர்ப்படுகை இருப்பதும், அது சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருப்பதும் உங்களுக்குத் தெரியும். மேலே இருக்கும் மண்ணை வெட்டி எடுக்க எடுக்க, கீழே இருப்பதை அமுக்கிப் பிடிக்க ஆளில்லாமல் போகும். அதனால்தான் ராப்பகலாகப் பம்பு ஓடுகிறது. தீபாவளிக்கும் ஓடும், பொங்கலுக்கும் ஓடும். விட்டால் தரை பிளந்துகொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும். மேலே நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. காய்ந்த தரையாகத்தான் இருக்கும். அண்ணனும் அந்த ராத்திரி வரை அப்படித்தான் இருந்தார்.

லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனபோது ஒரு நாள் நேஷனல் கேலரிக்குப் போனேன். அனுமதி இலவசம், குளிருக்கு ஒதுங்கவும் நல்ல இடம். அங்கே இதே காட்சியை வரைந்த இரண்டு பழைய படங்கள் இருக்கின்றன. ஒன்று மாண்டெஞா வரைந்தது, மற்றது அவருடைய மைத்துனர் ஜியோவான்னி பெல்லினி வரைந்தது. இரண்டும் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, சில வருஷ இடைவெளியில். பெல்லினியின் படத்தில் விடியலின் வெளிச்சம் வானத்தில் பரவும் அழகுக்காகவே அரை மணி நேரம் நிற்கலாம். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மாண்டெஞாதான். அவருடைய படத்தில் இயேசு சற்றுத் தள்ளி, பாறை மேல், நமக்கு முதுகு காட்டிக்கொண்டு முழந்தாளிட்டிருக்கிறார். நமக்கு மிக அருகில், படத்தின் முன்பகுதியில், கிடப்பவர்கள் தூங்குகிற மூன்று பேர். அடித்துப் போட்டது போலக் கிடக்கிறார்கள். பின்னால் சாலையில் யூதாஸ் சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறான். ஹாஃப்மன் இருட்டில் தூரத்தில் தெரிந்தும் தெரியாமலும் ஒதுக்கிவிட்டவர்களை, இவர் 400 வருஷத்துக்கு முன்பே நம் காலடியில் கொண்டுவந்து போட்டிருக்கிறார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. "என்னப்பா, கால் வலிக்குதா?" என்றான் மகன். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அவன்தான் காரில் திரும்பும்போது பீதோவன் இதே காட்சிக்கு இசை அமைத்திருப்பதாகச் சொல்லி போனில் போட்டுக் காட்டினான். 'ஒலிவ மலையில் கிறிஸ்து.' 1803ல் வியன்னாவில் அரங்கேறியது. அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் அவர் காது கேட்காமல் போய்க்கொண்டிருப்பதை எழுதி, சாவைப் பற்றியும் எழுதி, அந்தக் கடிதத்தை யாருக்கும் அனுப்பாமல் பூட்டி வைத்திருந்தார். மேற்கத்திய சங்கீதம் எனக்குப் பழக்கமில்லை, நடுவில் கண்ணயர்ந்துவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் காது போய்க்கொண்டிருந்த சங்கீதக்காரர் எந்தக் காட்சியைத் தேடிப் போனார் என்பது மனதில் நின்றுவிட்டது.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பேர் தூங்கியதை மத்தேயுவும் மாற்குவும் கண் பாரமாக இருந்தது என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். லூக்கா மட்டும், துக்கத்தால் தூங்கினார்கள் என்கிறார். அவர் வைத்தியர் என்பது மரபு. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்த அனுபவமோ என்னவோ. இந்த வரியை எனக்கு முதலில் காட்டியது அண்ணன்தான். 2009ல், அவர் கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது. தினம் சாயங்காலம் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டப் போவேன். ஒரு நாள் பேப்பர் வேண்டாம், இதைப் படி என்று வேதாகமத்தைக் கொடுத்தார். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தது. சத்தமாகப் படித்தேன். அந்தச் சொல் வந்ததும் நிறுத்திவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே, "மேல படி தம்பி" என்றார்.

பெரிய வியாழன் இரவு கத்தோலிக்கக் கோயில்களில் ஒரு வழக்கம் உண்டு. பூசை முடிந்ததும் நற்கருணையைப் பக்கப் பீடத்துக்கு மாற்றிவிட்டு, நள்ளிரவு வரை மாறி மாறி விழித்திருப்பார்கள். ஒவ்வொரு அன்பியத்துக்கும் ஒரு மணி நேரம். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்தால் நம் ஷிப்ட் சார்ட் மாதிரியே இருக்கும். அண்ணன் போன அடுத்த வருஷத்திலிருந்து நானும் போகிறேன். எனக்கு அந்த ஜெபங்கள் தெரியாது. கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு, அண்ணி அன்பியத்தின் முறை. மதியமே ஒரு தூக்கம் போட்டுவிடுவேன். போகும் முன் பிளாஸ்க்கில் காப்பி. எழுபத்தி இரண்டு வயதுக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான், என் மனைவி ஒவ்வொரு வருஷமும் திட்டுவாள், திட்டிக்கொண்டே காப்பி போட்டுக் கொடுப்பாள்.

இந்த வருஷம் பதினொன்றரை மணிக்கு மேல் கண் சொருகியது. எழுந்து பின்சுவர் ஓரமாக நின்றுகொண்டேன். முன்வரிசையில் அண்ணி முழந்தாளிட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. பன்னிரண்டு அடித்ததும் உபதேசியார் வந்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார். அண்ணி மெதுவாக என் பக்கம் வந்தார்.

"நின்னுக்கிட்டேவா இருந்தீங்க தம்பி?"

"கொஞ்ச நேரம்தான் அண்ணி."

"அவரு பாத்தா சிரிப்பாரு" என்றார். பிளாஸ்க்கில் மீதி இருந்த காப்பியை மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். அது குடித்து முடித்ததும், அவரைத் தெரு முனை வரை கொண்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.